பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி: முதலில் எந்த ஒலிப்பதிவைக் கேட்பது?

2025 மார்ச் 8ஆம் நாள் லண்டனில் இளையராஜா தம் சிம்பொனியை அரங்கேற்றிய பிறகு, நம் சங்க அன்பர்கள் பலர் என்னைக் கண்டால் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "நயினாரே, சிம்பொனின்னா என்னன்னு ஒரு தடவையாவது முழுசாக் கேட்டுப் பார்க்கணும். எதிலிருந்து ஆரம்பிக்கிறது?" அரிசி வியாபாரியிடம் வந்து இதைக் கேட்கிறார்களே என்று முதலில் வியப்பாக இருந்தது. இந்தச் சங்கத்தில் நாற்பது ஆண்டுகளாக அந்தச் சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவன் என்று என் பெயர் எப்படியோ அடிபட்டுவிட்டது போலும். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுகிற வீடு எங்களது. ஆகவே எங்களுக்கு இரவு நீளமானது. அந்த நீளத்தில் கேட்டதுதான் எல்லாம்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்பதற்கு விடை சுலபம். பீத்தோவனின் ஐந்தாவது. பெயரே தெரியாதவர்க்கும் அதன் முதல் நான்கு சுரம் தெரியும். 'த த த தா'. இரண்டாம் உலகப் போரில், 1941இல், பி.பி.சி. வானொலி அதை வெற்றியின் அடையாள ஒலியாக எடுத்துக்கொண்டது. மோர்ஸ் தந்தி முறையில் மூன்று புள்ளியும் ஒரு கோடும் 'வி' என்ற எழுத்து. 1976இல் அதே நான்கு சுரத்தை வைத்து அமெரிக்காவில் டிஸ்கோ நடனப் பாட்டு ஒன்றும் வந்து பிரபலமாயிற்று. இப்படி ஊரெல்லாம் தெரிந்த தொடக்கமே இந்தச் சிம்பொனிக்கு எதிரியாகவும் நிற்கிறது. தொடக்கத்தைக் கேட்டதும் "ஓ, இதுவா! தெரியுமே" என்று நிறுத்திவிடுகிறார்கள். மீதி முப்பது நிமிடத்தைக் கேட்டவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்?

கடினமான கேள்வி அடுத்தது. எந்த ஒலிப்பதிவு? கைப்பேசியில் பீத்தோவன், ஐந்து என்று தட்டினால் முடிவே இல்லாமல் வந்து விழுகிறது. "எல்லாம் ஒரே பாட்டுத்தானே, எதையாவது போடு" என்பார் ஒரு சாரார். "உலகத்திலேயே மகத்தானது எதுவோ அதைப் போடு" என்பார் மறு சாரார். இரண்டு பேச்சும் புதியவருக்கு உதவாது என்பது என் துணிபு.

நமக்குப் பழக்கமான ஒன்றைக்கொண்டு சொல்கிறேன். திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்பார்கள். மூலம் ஒன்று, உரை பல. பரிமேலழகர் ஒரு விதமாகப் பிரிப்பார், மணக்குடவர் வேறு விதமாகப் பிரிப்பார். சீவக சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய உரையைச் சமணப் பெரியோர் ஏற்கவில்லை என்றும், அவர் எங்கள் சமய நூல்களைப் பயின்று வந்து மறுபடி எழுதினார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. சிம்பொனியும் அப்படித்தான். பீத்தோவன் எழுதிவைத்த ஸ்கோர் மூலம். வாத்தியக் குழுவை நடத்துபவர் உரைகாரர். (தமிழில் நடத்துநர் என்று எழுதினால் பேருந்து நினைவுக்கு வருகிறது, வேறு சொல் இல்லை, பொறுத்தருள்க.) ஒலிப்பதிவு என்பது அவர் எழுதிய உரை.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. உரையில்லாமலும் குறளைப் படிக்கலாம். ஸ்கோர் படிக்கத் தெரியாதவர்க்கு உரையில்லாமல் இந்த மூலமே இல்லை. முதலில் காதில் விழுகிற ஒலிப்பதிவையே அவர் மூலம் என்று எண்ணிக்கொள்வார். பிறகு கேட்பதெல்லாம் 'இது வேகம் ஜாஸ்தி', 'இது இழுக்கிறது' என்று அதை வைத்தே அளக்கப்படும். முதல் தேர்வு அவ்வளவு முக்கியமானதாவது இதனால்தான்.

நம் கச்சேரி வித்வான் ஒரு கீர்த்தனையை எடுத்தால் ஆலாபனை, நிரவல், சுரம் என்று தம் கைச்சரக்கைச் சேர்க்கலாம். இந்த நடத்துநருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஒரு சுரத்தைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு உரிமை கிடையாது. வேகம், ஓசையின் அளவு, எந்த வாத்தியம் முன்னே எது பின்னே, மௌனத்தை எவ்வளவு நேரம் வைத்திருப்பது, இவ்வளவுதான் அவர் கையில் இருப்பவை. இவ்வளவிலேயே ஒருவர் வாசித்தது போர்க்களமாகவும் இன்னொருவர் வாசித்தது கோயில் மண்டபமாகவும் மாறிவிடுகிறது.

மூலத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் முதன்முதல் வாசிக்கப்பட்டது. கடுங்குளிர், கச்சேரி ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஆறாம் சிம்பொனியும் நான்காம் பியானோ கான்செர்ட்டோவும் அதே இரவில்தான். நான்கு அங்கங்கள். முதலாவது 'சி மைனர்' என்ற சுருதியில் மூர்க்கமாக ஓடுவது. இரண்டாவது அமைதி, வியோலாவும் செல்லோவும் தொடங்கிவைக்கும். மூன்றாவது செல்லோ, டபுள் பேஸ் ஆகியவற்றின் அடித்தொண்டையில் பதுங்கிப் பதுங்கி வரும். நான்காவது 'சி மேஜர்', முழு வெளிச்சம். 'த த த தா' என்ற அந்தக் குறில் குறில் குறில் நெடில் நான்கு அங்கத்திலும் வேறு வேறு உடையில் வந்துகொண்டே இருக்கும்.

இந்தச் சிம்பொனியின் உயிர் தொடக்கத்தில் இல்லை. மூன்றாம் அங்கம் நான்காம் அங்கமாக மாறுகிற இடத்தில்தான் இருக்கிறது. அங்கே நடுவில் நிறுத்தமே கிடையாது. மூன்றாம் அங்கத்தின் முடிவில் ஓசை முழுக்க அடங்கிவிடும். டிம்பனி மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கும், வீட்டுக்குள் யாரோ நடப்பது போல. அதன் மேல் வயலின் தடவித் தடவி ஏறும். ஐம்பது 'பார்' அளவுக்கு இப்படியே. ஓசையைக் கூட்டு என்ற குறிப்பைப் பீத்தோவன் கடைசி எட்டு பாரில்தான் எழுதியிருக்கிறார். அதன் பிறகு கதவைத் திறந்தாற்போல நான்காம் அங்கம். மூன்று அங்கம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்த மூன்று ட்ராம்போனும், மேலே பிக்கலோவும், கீழே கான்ட்ராபஸ்ஸூனும் அங்கேதான் வாயைத் திறக்கின்றன. அந்த ஐம்பது பாரில் பொறுமை இழந்து முன்கூட்டியே ஓசையைக் கூட்டிவிட்ட நடத்துநரிடம் கதவு திறக்காது. ஏற்கனவே பாதி திறந்துதானே இருந்தது!

எங்கள் தொழிலில் மூட்டையில் குத்தூசியைச் சொருகி ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால் போதும், நூறு மூட்டைக்கும் விலை பேசிவிடலாம். சிம்பொனிக்கு இந்தக் குத்தூசி வேலை உதவாது. பத்து ஒலிப்பதிவின் முதல் ஒரு நிமிடத்தைக் கேட்டு எது கம்பீரம் என்று தேர்ந்தெடுக்கிறவர்கள், உரத்த தொடக்கத்தைத்தான் வாங்கிப் போவார்கள். குத்தியே தீருவது என்றால் மூன்றாம் அங்கத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் குத்திப் பாருங்கள்.

இனி உரைகாரர்கள்.

ஆர்தர் நிக்கிஷ் பெர்லின் பில்ஹார்மோனிக்கை வைத்து 1913இல் பதிவு செய்தது சரித்திரப் பொருள். மைக்கே இல்லாத காலம். கூம்பு வடிவக் குழாயின் முன் நெருக்கியடித்துக்கொண்டு வாசித்தார்கள். ஆராய்ச்சி செய்பவர் கேட்கட்டும். டாஸ்கனினி நியூயார்க்கில் என்.பி.சி. குழுவுடன் 1952இல் வாசித்தது வரி வரியாகத் தெளிவு, ஆனால் மூச்சு விட இடமில்லை.

வில்ஹெல்ம் ஃபுர்ட்வேங்லரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டுப் போகாமல் இருந்தவர் அவர். போர் முடிந்ததும் விசாரணை நடந்தது. அது தீர்ந்து, 1947 மே மாதம் பெர்லினில் தம் பழைய குழுவின் முன் மீண்டும் நின்றபோது வாசித்தது இந்த ஐந்தாவது. அந்தக் கச்சேரிகளின் பதிவு இருக்கிறது. இடிந்த நகரம், பட்டினியில் இருந்த சபை, கறைபட்ட நடத்துநர். இவ்வளவும் அந்த வாசிப்பில் கேட்கிறது. வேகம் ஓரிடத்தில் நிற்காது. இருளில் இழுத்து இழுத்து நடக்கும், கடைசியில் வெறி பிடித்தாற்போல ஓடும். நான் அதை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் கேட்பதில்லை. கேட்டால் அன்றிரவு தூக்கம் போய்விடும்.

ஆனாலும் புதியவருக்கு அதைக் கொடுக்கலாகாது. அவர் வேகத்தை எங்கே வளைக்கிறார் என்று தெரிய, வளையாத வடிவம் முதலில் மனத்தில் இருக்கவேண்டும். குறளின் நேர்ப்பொருள் அறியாதவனிடம் நுட்ப உரையை நீட்டினால் இரண்டும் அவனுக்குக் கிடைக்காது. போதாக்குறைக்குப் பழைய பதிவின் மங்கல் ஒலி, சபையின் இருமல். பன்னிரண்டு வயதுக் குழந்தையை அதன் முன் உட்கார வைத்தால் "தாத்தா, ஏன் இது தண்ணிக்குள்ள இருந்து வர மாதிரி இருக்கு?" என்று கேட்கும். கேட்டதில் தப்பில்லை.

ஓட்டோ க்ளெம்பெரர் லண்டன் பில்ஹார்மோனியாவுடன் 1959இல் செய்தது மற்றொரு கோடி. கருங்கல் தூண் மாதிரி நிற்கும். மரத்துளை வாத்தியங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். அது பெரிய லாபம். ஆனால் முதல் அங்கமே எட்டு நிமிடத்தைத் தாண்டுகிறது.

இங்கே வியாபாரி என்ற முறையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பீத்தோவன் தம் சிம்பொனிகளுக்கு மெட்ரனோம் கருவியின்படி வேகக் குறிப்புகளை 1817இல் வெளியிட்டார். முதல் அங்கத்துக்கு நிமிடத்துக்கு 108 பார். அந்த அங்கம் 502 பார், முதல் 124 பாரைத் திரும்ப வாசிக்கவேண்டும் என்பது விதி, ஆக 626. வகுத்தால் ஐந்து நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி. நீட்டி நிறுத்தும் இடங்களுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் ஆறு, ஆறேகால் நிமிடம். க்ளெம்பெரர் கணக்கு அதற்கு எவ்வளவு தள்ளி நிற்கிறது பாருங்கள். காது கேளாமல் போனவர் எழுதிய குறிப்பு, கருவி சரியில்லை, அவ்வளவு வேகமாக யாரால் வாசிக்க முடியும் என்றெல்லாம் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஜான் எலியட் கார்டினர், பீத்தோவன் காலத்து வாத்தியங்களைக்கொண்டு 1994இல் வெளியிட்ட பதிவில் ஆறரை நிமிடத்தை ஒட்டி வாசித்துக் காட்டிவிட்டார். முடியாது என்ற பேச்சு அத்தோடு போயிற்று. குடல் நரம்பு கட்டிய வயலின், வால்வு இல்லாத ஹார்ன், கட்டைக் குச்சியால் அடிக்கும் டிம்பனி. ஒலி கரகரப்பாக, பச்சையாக இருக்கும். எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் பதிவாகச் சொல்லத் தயங்குகிறேன். பெரிய குழுவின் ததும்பும் ஒலி எது என்று தெரியாதவருக்கு இந்தக் கரகரப்பின் ருசி தெரியாது.

கராயன் பெர்லின் பில்ஹார்மோனிக்குடன் 1962இல் செய்ததைப் பலர் சிபாரிசு செய்வார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. வழுக்கிக்கொண்டு ஓடும் புது மோட்டார். ஒன்பது சிம்பொனிகளையும் அவர் திரும்பத் திரும்ப நான்கு முறை தொகுதியாகப் பதிவு செய்தார். நான்கில் இது மேல். ஆனால் நான்காம் அங்கத்தில் திரும்ப வாசிக்கவேண்டிய பகுதியை விட்டுவிடுகிறார். அவ்வளவு இருட்டில் நடந்து வந்தவனை வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நிற்க விடவேண்டாமா?

ஆக நான் சொல்வது கார்லோஸ் க்ளைபர், வியன்னா பில்ஹார்மோனிக், 1974. டாய்ச்சே கிராமஃபோன் வெளியீடு. பின்னாளில் வந்த குறுந்தட்டில் ஏழாம் சிம்பொனியும் உடன் உண்டு. மொத்தம் சுமார் 33 நிமிடம். இவருடைய தந்தை எரிக் க்ளைபரும் பெரிய நடத்துநர். ஆம்ஸ்டர்டாமில் 1953இல் இதே ஐந்தாவதைப் பதிவு செய்து புகழ் பெற்றவர். தகப்பன் கடைக்கு எதிரிலேயே மகன் கடை போட்ட கதை. மகன் வாழ்நாளில் பதிவு செய்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. 2004இல் மறைந்தார்.

ஏன் இது? முதல் அங்கம் ஏழு நிமிடம் இருபது விநாடி அளவு; பீத்தோவன் குறித்த வேகத்துக்கும் பழைய பெரியவர்களின் நிதானத்துக்கும் நடுவில் நிற்கிறது. ஓட்டம் உண்டு, ஆனால் ஒரு சுரமும் விழுங்கப்படவில்லை. தொடக்கத்தில் இரண்டு முறை 'த த த தா' வருகிறதல்லவா? இரண்டாவது நெடிலை முதலாவதைவிட நீளமாகப் பிடிக்கவேண்டும் என்று மூலத்தில் இருக்கிறது. முதலாவதற்கு ஒரு பார், இரண்டாவதற்கு இரண்டு பார். எந்தப் பதிவிலும் இதை முதலில் கவனியுங்கள். உரைகாரர் மூலத்தைப் பார்த்தாரா இல்லையா என்பது அங்கேயே பாதி தெரிந்துவிடும். இரண்டாம் அங்கத்தைச் சிலர் தாலாட்டாக்கி விடுவார்கள். அங்கே எழுதியிருப்பதோ 'நடந்துகொண்டே' என்ற பொருளில் ஒரு குறிப்பு. க்ளைபர் நடக்கவைக்கிறார். மேற்சொன்ன ஐம்பது பாரிலும் அவர் அவசரப்படுவதில்லை. நான்காம் அங்கத்தில் திரும்ப வாசிக்கவேண்டியதைத் திரும்ப வாசிக்கிறார். மூலத்தில் இருப்பது ஏறத்தாழ அப்படியே காதில் விழுகிறது, சோர்வில்லாமல். முதல் உரைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

குறை இல்லாததா? உண்டு. சில இடங்களில் பிடி தளர்வதே இல்லை. இரண்டாம் அங்கத்தில் கொஞ்சம் இளைப்பாறியிருக்கலாம் என்று எனக்கே தோன்றும். ஒலி அரை நூற்றாண்டுக்கு முந்தைய டேப். மெல்லிய இடங்களில் லேசான இரைச்சல் இருக்கிறது. இவற்றால் புதியவருக்கு நஷ்டமில்லை.

கேட்கிற விதத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இதில்தான் நம் வீடுகளில் சிம்பொனி அநியாயமாகச் சாகிறது. காலா கோடாவில் ரிதம் ஹவுஸ் இருந்தவரை கூண்டுக்குள் நின்று கேட்டுப் பார்த்து வாங்கலாம். 2016இல் அதுவும் மூடியாயிற்று. இப்போது எல்லாம் கைப்பேசி. அதில் முதலாவது கண்டம், ஒரு அங்கத்துக்கும் மறு அங்கத்துக்கும் நடுவில் விழுகிற இடைவெளி. சில செயலிகளில் ஓரிரு விநாடி மௌனம் வரும், சிலவற்றில் விளம்பரமே வரும். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் அது வந்தால் சிம்பொனியின் கழுத்தை அறுத்த மாதிரி. இடைவெளியில்லாமல் வாசிக்கும் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். வரிசையைக் கலைத்துப் போடும் பொத்தானை அணைத்துவிடுங்கள். இரண்டாவது, கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் டபுள் பேஸ் கேட்கவே கேட்காது. மூன்றாம் அங்கம் ஆரம்பித்ததே தெரியாமல் "நின்னு போச்சா?" என்று ஓசையைக் கூட்டுவார்கள், நான்காம் அங்கம் வந்து காதில் அறையும். நல்ல ஹெட்போன் ஒன்று போதும், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஓசையை நான்காம் அங்கத்தின் தொடக்கத்தில் வைத்துச் சரிசெய்து, பிறகு முதலிலிருந்து போடுங்கள். மூன்றாவது, 'இனிய மாலைக்கு' என்ற மாதிரித் தலைப்பில் வருகிற கலவைத் தொகுப்புகள். அவற்றில் முதல் அங்கம் மட்டும் இருக்கும். தொடவேண்டாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. வயலின், பியானோ தேர்வுக்குப் போகிற பிள்ளைகள் நம்மிடையே இன்று நிறைய. தேர்வுக்குரிய துண்டை ஐம்பது முறை வாசிக்கிற பிள்ளை, ஒரு முழுச் சிம்பொனியை ஒரே அமர்வில் கேட்டிருக்காது. க்ளைபரை வாரம் ஒரு முறை, இரண்டு மாதம், சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். விளக்கம் சொல்லவேண்டாம். 'த த த தா' எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் போதும். நம்மைவிட அவர்கள் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள். பிறகு நரிமன் பாயின்ட்டில் என்.சி.பி.ஏ. அரங்குக்கு அழைத்துப் போங்கள். 2006இல் தொடங்கப்பட்ட சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவுக்கு அதுவே இருப்பிடம். ட்ராம்போன்காரர் அவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும்.

இரண்டாவதாக எதைக் கேட்பது என்றால், இப்போது கார்டினர். க்ளைபர் மனத்தில் நன்றாகப் படிந்தபின் இதைப் போட்டு, ஒரே ஒரு இடத்தைக் கவனியுங்கள். முதல் அங்கத்தில் சிறிது நேரம் கழித்து ஹார்ன்கள் மட்டும் தனியே ஒரு அழைப்பு விடுக்கும். அதே அழைப்பு அங்கத்தின் பிற்பகுதியில் மறுபடி வரும்போது, மூலத்தில் அதை பஸ்ஸூன் வாசிப்பதாகப் பீத்தோவன் எழுதியிருக்கிறார். வால்வு இல்லாத ஹார்னில் அந்தச் சுருதியில் அந்தச் சுரங்கள் வராது. அதனால் வேறு வழியில்லாமல் எழுதினார் என்று எண்ணி, வால்வு வந்த பிறகு பழைய நடத்துநர் பலர் அதை ஹார்னுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உரைகாரர் மூலத்தைத் திருத்திய இடம் இது. ஹார்ன் வாசித்தால் கம்பீரமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. பஸ்ஸூன் வாசித்தால் அதே அழைப்பு தொண்டை கட்டிப்போய் வருகிறது. போன முறை கூப்பிட்டவன் இப்போது களைத்திருக்கிறான். நான் பஸ்ஸூன் கட்சி. எங்கள் வீட்டில் மருமகள் ஹார்ன் கட்சி. வழக்கு இன்னும் தீரவில்லை.